படம் எடுக்கவா யோகா?

ஜூன் 21 வந்தா மண்டபத்துல பாய் விரிச்சு படம் எடுக்கிறோம். மறுநாள் பூட்டு. 2015-லிருந்து உலகமே கொண்டாடுற நாளுக்கு நம்ம மரியாதை இவ்வளவுதானா?

2019 தேசிய சுகாதார ஆய்வுப்படி, நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இனிப்பு நீர். என்கூட வேலை செஞ்ச ஒருத்தர் காலையே இழந்துட்டார். நம்ம அப்பா அம்மா விடியுமுன்னே பால்மரம் சீவ நடந்தாங்க. நாம மோட்டார்ல போறோம், உட்கார்ந்து தே தாரிக் குடிக்கிறோம்.

"உடம்பு வளையாது"ன்னு சாக்கு சொல்லாதீங்க. வளையச் சொன்னது யாரு? பாதி பலத்துக்கு மட்டும் உடற்பயிற்சி செய்யணும்னுதான் சுஸ்ருதர் சொன்னார். மூச்சு வாய் வழியா வாங்க ஆரம்பிச்சா பாதி பலம் முடிஞ்சுது, நிறுத்திடணும். தலைகீழா நிக்க வேண்டாம்.

யோகா செஞ்சா மருந்தே வேண்டாம்னு வாட்ஸ்அப்ல அனுப்புறவங்களும் நிறுத்துங்க. கிளினிக் மருந்தும் வேணும், பயிற்சியும் வேணும்.

நிர்வாகத்தினரே, அன்னதானத்துக்குத் திறக்கிற மண்டபத்தை வாரம் ரெண்டு நாள் இதுக்கும் திறங்க. கூட்டிப் பெருக்க நான் வர்றேன். சாவி மட்டும் கொடுங்க.