ஆயன்குளம் கிணற்றின் வாய்

2021 வடகிழக்குப் பருவமழையில், நெல்லை மாவட்டத்தில் திசையன்விளைக்குப் பக்கத்தில் ஆயன்குளம் படுகை பெருகி மறுகால் பாய்ந்தது. மிஞ்சிய வெள்ளத்தை அங்கிருந்த கிணறு ஒன்றுக்குள் திருப்பிவிட்டார்கள். வாரக்கணக்கில் கொட்டியும் கிணறு நிரம்பவில்லை. அந்த வீடியோ மும்பை காட்கோபரில் இருக்கும் நெல்லைக்காரர்கள் எல்லோர் போனிலும் ஓடியது. செம்மண் கலங்கிய தண்ணீர் விளிம்பில் மடிந்து உள்ளே விழுகிறது. சுற்றி நிற்பவர்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். "எவ்வளவு விட்டாலும் குடிச்சுக்கிட்டே இருக்கு அண்ணாச்சி" என்றான் இட்லிக் கடைத் தம்பி.

சென்னை ஐஐடி குழு வந்து ஆராய்ந்து சொன்ன காரணம், அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறைக் குகைகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறை வெடிப்பில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. காலப்போக்கில் வெடிப்பு பொந்தாகும், பொந்து குகையாகும். இப்படிப்பட்ட நிலத்துக்குக் கார்ஸ்ட் என்று பெயர். ஸ்லோவேனியாவின் செர்க்னிட்சா ஏரியும் இதே வகைதான்: மழையில் கடல் போலப் பரந்து கிடக்கும், வறண்ட மாதங்களில் அடிப்பொந்துகள் வழியே வடிந்து புல்வெளியாகிவிடும்.

காட்கோபர் குன்றுகளோ எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறை. வெடிப்புகளில் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். ஆடி மழையில் பெரும்பங்கு சேறாகச் சாலையில் இறங்கி, தாணே கழிமுகத்துக்குப் போய்விடுகிறது. அதைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்தவனுக்கு, ஆயன்குளத்தில் நல்ல தண்ணீர் பூமிக்குள் போவது பெரிய ஆறுதல். திசையன்விளையை அடுத்த உவரி பக்கம் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் நிலத்தடி நீர் உப்பாகிவருகிறது. உள்ளே இறங்கும் மழைநீர்தான் அந்த உப்பை எதிர்த்துத் தள்ளும்.

ஆனால் ஒரு பயம் இருக்கிறது. மணலில் இறங்கும் நீர் மெல்ல வடிகட்டப்படும். குகையில் இறங்கும் நீருக்கு அந்த வடிகட்டல் கிடையாது. வாழைத்தோட்டத்து உரமும் பூச்சிமருந்தும் சாக்கடையும் சேர்ந்து போனால், அடுத்த ஊர்க் குடிநீர்க் கிணற்றில் அப்படியே தலைகாட்டும். வண்டல் போய்ப் பொந்துகளை அடைக்கவும் கூடும். அதிசயக் கிணறு என்று படம் பிடித்தது போதும். இப்படி நீர் இறக்கும் ஒவ்வொரு இடத்திலும் வாய்க்கால் வாயில் வண்டல் தொட்டியும் வடிகட்டியும் கட்டாயம் வேண்டும். சுற்றுக் கிணறுகளின் நீரை மழைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவை ஊராட்சிப் பலகையில் எழுதிப் போட வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலை இது.