நாவிற்கும் பயிற்சி வேண்டும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்

கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேச வராது என்று குறை கூறுவோர் பலர். அவர்களுக்குப் பேச வாய்ப்பளித்தோமா என்று கேட்போர் சிலரே! எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் போன்றோர்க்குப் பள்ளி வகுப்பறையை விட்டால் ஆங்கிலம் பேச வேறிடம் ஏது?

கற்பித்தல் பயிற்சிக்கென வந்த பி.எட். மாணவர்களிடம் நானும் பாடம் கேட்டிருக்கிறேன். வண்ண அட்டை, பாடக்குறிப்பு, கணீரென்ற குரல், எதற்கும் குறைவில்லை. ஆனால் பேச்சுப் பயிற்சி வகுப்பில் பேசியவர் ஆசிரியர் ஒருவரே! நாங்கள் "எஸ் சார்", "நோ சார்" என்பதோடு சரி. குற்றம் அவர்களுடையதன்று. பின்வரிசையில் அமர்ந்து மதிப்பிடுபவர் கவனிப்பது ஆசிரியரின் பேச்சை. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு கேட்பதோ எழுத்தை.

சிறு கணக்கொன்று போடுவோம். வகுப்பில் 40 பேர். பாடவேளை 40 நிமிடம். ஆசிரியர் வாய் திறவாதிருந்தாலும், ஒருவர்பின் ஒருவராகப் பேசினால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். இருவர் இருவராகப் பத்தே நிமிடம் பேசவிட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம்! இரைச்சல் எழுமே என்பீர்கள். எழட்டுமே!

எதைப் பேசுவது? 1959-இல் பிரிட்டிஷ் கவுன்சில் துணையுடன் சென்னை மாநிலத்தில் தொடங்கிய இயக்கம், வாக்கிய அமைப்புகளை வாய்மொழியாகப் பழக்கும் முறையை 27,000 ஆசிரியர்களுக்குக் கற்பிக்க முனைந்தது. நல்ல முயற்சியே. ஆயினும் திருப்பிச் சொல்லுதல் வேறு, பேசுதல் வேறு. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டம், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் மாணவர் முன் வைத்து விடை காணச் சொன்னது. கருத்தில் மனம் ஊன்றும்போது மொழி வளரும் என்பது அதன் கொள்கை.

நெல்லைச் சீமையில் இதற்குப் பஞ்சமா? திருச்செந்தூர் ரயில், பாபநாசம் பேருந்து, கார் சாகுபடி, வாய்க்கால் தண்ணீர் என நம் பிள்ளைகள் அறிந்த செய்திகள் எத்தனை! இடையில் ஒரு சொல் வராவிட்டால் தமிழில் சொல்லட்டும். பிழையைப் பேசி முடித்தபின் திருத்தலாம். நடுவில் மறித்தால் வாய் அடைத்துப்போகும்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை பி.எட். படிக்கச் செல்வோம். அன்று நாம் எவ்வளவு பேசினோம் என்பதன்று, நம் மாணவர் எவ்வளவு பேசினர் என்பதே அளவுகோல் ஆகட்டும். கரையில் நின்று விளக்கம் கேட்டே தாமிரபரணியில் நீந்தக் கற்றவர் எவருமிலர்!