டாக்டருக்குத் தெரியாத பால்கோவா

ராஜபாளையத்துக்காரருக்கு சுகர் வந்தால் அதில் தனியாக ஒரு கஷ்டம் உண்டு. பஸ் ஏறினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாலும் பால்கோவா கடை வாசலில்தான் நிற்க வேண்டும். பாலையும் சர்க்கரையையும் சுண்டக் கிண்டிய அந்த வஸ்துவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வேறு கொடுத்துவிட்டார்கள். சர்க்காரே முத்திரை குத்தினால் சாமானியன் என்ன செய்வான், சொல்லுங்கள்!

எங்கள் ஆபீஸ் அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூர்வாசி. சுகரில் பத்து வருஷ சர்வீஸ். டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து பாகற்காயும் வாக்கிங்குமாக மகா பத்தியம். ரத்தம் கொடுத்த கையோடு ஓட்டலில் பூரி, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி.

"பாத்தியா தம்பி, 128. எப்படி நம்ம கண்ட்ரோல்?"

போன வருஷம் டாக்டர் ஹெச்.பி.ஏ.ஒன்.சி. டெஸ்ட் எழுதினார். சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். அதுவரை ரத்தத்திலுள்ள சர்க்கரை அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதை அளந்தால் இரண்டு மூன்று மாதத்துச் சராசரி வெளியே வந்துவிடும். மூன்று நாள் பத்தியமெல்லாம் இந்த ஆடிட்டரிடம் செல்லாது. 7-க்குள் இருந்தால் பெரும்பாலோருக்கு உத்தமம். அண்ணாச்சிக்கு 9.2.

"மிஷின்ல ஏதோ கோளாறு தம்பி!"

டாக்டர் அவரைப் பார்ப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பத்து நிமிஷம். வருஷத்துக்கு 40 நிமிஷம். பாக்கி 8,759 மணி 20 நிமிஷம் அண்ணாச்சிக்கு அண்ணாச்சியேதான் டாக்டர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறது. 2024-இல் ஐ.நா. விருதும் வாங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் மாத்திரை வாசல் வரைதான் வரும். அதற்கப்புறம் நம் பாடு.

ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டியில் தறி தறியாகப் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அண்ணாச்சி அதற்கும் கஸ்டமர் ஆனார். ஒரு நாள் பூராவும் செருப்பில் கிளம்பிய ஆணியோடு நடந்திருக்கிறார், மனுஷனுக்குத் தெரியவே இல்லை. நாள்பட்ட சுகரில் கால் நரம்பு மரத்துப் போகும். ராத்திரி தரையில் ரத்தத்தைப் பார்த்து அலறியது மதினிதான். ஐந்து வாரம் கட்டுப் போட்டு ஆறியது. இன்னும் நாலு நாள் கழித்துப் பார்த்திருந்தால் விரலே போயிருக்கலாம்.

இப்போது தினமும் படுக்கும் முன் பாதத்தைப் பார்க்கிறார். குனிந்தால் தொந்தி இடிக்கிறதாம், அதனால் தரையில் ஒரு ஷேவிங் கண்ணாடி. குளுக்கோமீட்டர் வாங்கி, தின்றதையும் சுகரையும் நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறார். அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் ராத்திரி மாத்திரையை மாற்றினார்.

(சிரிக்காதீர்கள் இளைஞர்களே. 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி சுகரின் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல். அதில் டீக்கும் வடைக்கும் எழுந்து போவதைத் தவிர வேறு நடையில்லாத ஆபீஸ்காரர்களும் உண்டு.)

போன வாரம் அண்ணாச்சி முகத்தில் தனிக் களை. சுகர் 70-க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி வியர்த்தால் உடனே இனிப்புச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்போ பையில கால் கிலோ பால்கோவா வச்சுக்கிடலாமா சார்?"

"அது கொழுப்பு. சர்க்கரை மெதுவாத்தான் ஏறும். மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிங்க. கால் மணி கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணுங்க."

அன்றைக்கு சாயங்காலம் பஸ்ஸில் அண்ணாச்சி யாரோடும் பேசவில்லை.