நான்கு சமஸ்தானம்... ஒரே தண்டவாளம்! கத்தியவாரை இணைத்த கூட்டு ரயில்

போர்பந்தரில் கல்யாண வீடு. செலவு மிச்சமாகட்டும் என்று ஒரே நேரத்தில் மூன்று கல்யாணம். மாப்பிள்ளைகளில் ஒருவனுக்கு வயது 13. எல்லாம் தயார், அவனுடைய அப்பாவை மட்டும் காணோம். கடைசி நேரத்தில் அவர் வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் கட்டு!

அந்த 13 வயது மாப்பிள்ளைதான் மோகன்தாஸ் காந்தி. அப்பா கரம்சந்த் காந்தி, அப்போது ராஜ்கோட் சமஸ்தானத்தின் திவான். அவரை விட்டுப் பிரிய மனமில்லாத ராஜ்கோட் அரசர், கடைசி நிமிடம் வரை ஊருக்கு அனுப்பவில்லை. பிறகு வேகமாகப் போய்ச் சேரட்டும் என்று தனி குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்துகொடுத்தார். ராஜ்கோட்டிலிருந்து போர்பந்தர் 120 மைல். மாட்டு வண்டியில் 5 நாள் பயணம். அதை 3 நாளில் கடக்கப் பார்த்தார் கரம்சந்த். கடைசிக் கட்டத்தில் வண்டி குடை சாய்ந்தது. கட்டுகளோடுதான் மகன் கல்யாணத்தில் உட்கார்ந்தார். இதை 'சத்திய சோதனை'யில் காந்தியே சொல்லியிருக்கிறார்.

இது நடந்தது 1880-களின் தொடக்கத்தில். பம்பாயில் ரயில் ஓட ஆரம்பித்து 30 ஆண்டுகள் ஆகப்போகிற நேரம். அப்படியிருந்தும் இந்த 120 மைலுக்கு ஏன் ரயில் இல்லை?

உடைந்த கண்ணாடி மாதிரி ஒரு வரைபடம்

குஜராத்தின் மேற்கே, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம்தான் கத்தியவார். இன்று சௌராஷ்டிரா என்கிறோம். போனில் மேப்பைத் திறந்து பார்த்தால் இப்போது சில மாவட்டங்கள்தான் தெரியும். ஆனால், ஆங்கிலேயர் காலத்தில் அங்கே இருந்தவை 200-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள். பாவ்நகர், ஜூனாகத் போன்ற பெரிய சமஸ்தானங்களும் உண்டு. சில கிராமங்களை மட்டும் வைத்துக்கொண்டிருந்த குட்டி சமஸ்தானங்களும் உண்டு. ஒருவரின் நிலம் இன்னொருவரின் நிலத்துக்குள் தீவு மாதிரி கிடக்கும்.

அரை நாள் வண்டியில் போனால் ஒரு ராஜாவின் எல்லை முடிந்து, அடுத்த ராஜாவின் எல்லை வந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு ராஜா தன் நிலத்துக்குள் மட்டும் தண்டவாளம் போட்டால் என்ன பிரயோஜனம்? துறைமுகம் ஒருவரிடம், பருத்தி விளையும் நிலம் இன்னொருவரிடம். பம்பாய்ப் பக்கம் போகும் பெரிய ரயில் பாதையோ, கிழக்கே வத்வானில் வந்து நின்றிருந்தது. தனியாகப் போட்டால் அடுத்த எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கும். சேர்ந்து போட்டால்தான் ரயில்!

இளைஞர்கள் கையில் வந்த ரயில்

முதலில் கைகோத்தவை பாவ்நகரும் கோண்டலும். கிழக்கே காம்பே வளைகுடாவை ஒட்டிய பாவ்நகரிடம் நல்ல துறைமுகம் இருந்தது. தீபகற்பத்தின் நடுவே இருந்த கோண்டலிடம் கடற்கரை கிடையாது. அதன் விளைச்சல் வெளியே போக வழி வேண்டும். பாவ்நகர் துறைமுகத்துக்கோ சரக்கு வேண்டும். இருவரின் தேவையும் ஒன்றோடொன்று பொருந்தியது.

1880-ல் பாவ்நகர் - கோண்டல் ரயில்வே தொடங்கியது. அப்போது பாவ்நகர் மகாராஜா தக்த்சிங்ஜிக்கு வயது 20-களின் தொடக்கம். கோண்டலின் அரசர் பகவத்சிங்ஜிக்கோ 15 வயதுதான். இருவருமே ராஜ்கோட்டில் இளவரசர்களுக்காக நடந்த ராஜ்குமார் கல்லூரி மாணவர்கள். பகவத்சிங்ஜி அப்போதும் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தார். அவர் பெயரில் நிர்வாகத்தைக் கவனித்தது வேறு ஆட்கள். 4 வயதில் பட்டத்துக்கு வந்த இந்தச் சிறுவன்தான், பின்னாளில் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். 'பகவத்கோமண்டல்' என்ற பிரமாண்டமான குஜராத்தி அகராதியை உருவாக்கியவரும் இவரே.

பாதை இப்படிப் போனது. பாவ்நகரிலிருந்து தோலா. தோலாவில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று வடக்கே வத்வானுக்கு. இன்னொன்று மேற்கே ஜேத்தல்சர் வழியாக கோண்டல் சமஸ்தானத்தின் வணிக ஊரான தோராஜிக்கு. எல்லாமே மீட்டர் கேஜ்.

இதில் ஒரு வேடிக்கை. ரயிலின் பெயரிலேயே கோண்டல் இருந்தாலும், கோண்டல் நகரத்துக்குள் ரயில் போகவில்லை. பாதை அந்த சமஸ்தானத்தின் நிலத்தைத் தொட்டதே தவிர, தலைநகரை எட்டவில்லை. அதற்கு இன்னும் பல வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நீண்டுகொண்டே போன பெயர்

1888. இப்போது மோகன்தாஸுக்கு 18 வயது. சட்டம் படிக்க லண்டன் போக வேண்டும். போர்பந்தரில் இருக்கும் சித்தப்பாவிடம் அனுமதி கேட்க வேண்டும். அப்போதும் போர்பந்தருக்கு ரயில் இல்லை. மாட்டு வண்டியில் தோராஜி வரை போனார். அங்கிருந்து ஒரு நாளை மிச்சம் பிடிக்க ஒட்டகத்தில் ஏறினார். அதுதான் அவருடைய முதல் ஒட்டகப் பயணம். மேற்கே ரயில் பாதை முடிந்த ஊரும், காந்தி ஒட்டகம் ஏறிய ஊரும் ஒன்றுதான்!

அந்த இடைவெளி சீக்கிரமே நிரம்பியது. ஜூனாகத், போர்பந்தர் சமஸ்தானங்களும் கூட்டில் சேர்ந்தன. ஜேத்தல்சரிலிருந்து தெற்கே ஜூனாகத் வழியாக, சோம்நாத் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் வெராவல் துறைமுகத்துக்கு ஒரு பாதை. தோராஜியிலிருந்து மேற்கே போர்பந்தருக்கு இன்னொன்று. ரயிலின் பெயரும் 'பாவ்நகர் - கோண்டல் - ஜூனாகத் - போர்பந்தர் ரயில்வே' என்று ஒரு கூட்ஸ் வண்டி நீளத்துக்கு வளர்ந்தது. மூன்று இந்து அரசர்கள், ஒரு முஸ்லிம் நவாப், ஒரே ரயில்.

சேர்ந்து போட்டதன் லாபம் பக்கத்து மோர்வியைப் பார்த்தால் புரியும். மோர்வி அரசர் தனியாகவே ரயில் விட்டார். ஆனால், அது குறுகிய அளவுப் பாதை. பக்கத்தில் ஓடிய மீட்டர் கேஜ் பெட்டிகள் அதில் ஓடாது. சரக்கை இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். பின்னர் அந்த முக்கியப் பாதையையும் மீட்டர் கேஜுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கூட்டு ரயிலில் இந்தத் தொல்லை இல்லை. போர்பந்தரில் ஏற்றிய மூட்டை, சமஸ்தானங்களைக் கடந்து அதே பெட்டியில் பாவ்நகர் போய்ச் சேரலாம்.

1893-ல் ஜேத்தல்சரிலிருந்து ராஜ்கோட்டுக்கும் பாதை வந்தது. கோண்டல் நகருக்கு ரயில் கிடைத்தது இந்தப் பாதையால்தான். ராஜ்கோட்டில் ஏறி போர்பந்தரில் இறங்குவது சாத்தியமானது. வண்டி குடை சாயும் பயமில்லை. ஆனால், அதைப் பார்க்க கரம்சந்த் இல்லை. 1885-லேயே இறந்துவிட்டார்.

பிரிந்தாலும் பிரியாத பாதை

கூட்டுக் குடும்பம் என்றால் ஒரு நாள் பாகப்பிரிவினையும் வரும். 1911-ல் நிர்வாகக் கூட்டு கலைந்தது. பாவ்நகருக்குத் தனி ரயில்வே, ஜூனாகத்துக்குத் தனி ரயில்வே என்று அவரவர் பங்கை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால், வீட்டைப் பிரிக்கிற மாதிரி ரயிலைப் பிரித்து நடுவில் சுவர் எழுப்ப முடியுமா? தோலாவிலும் ஜேத்தல்சரிலும் தண்டவாளங்கள் சேர்ந்தேதான் இருந்தன. பயணிக்கு வேண்டியது அதுதான்.

ரயில் எல்லாத் தடைகளையும் உடைத்துவிடவும் இல்லை. கத்தியவாரிலிருந்து ஆங்கிலேயர் ஆண்ட குஜராத் பகுதிக்குள் நுழையும்போது, விரம்காமில் ஒரு சுங்கச் சாவடி. தண்டவாளம் ஒன்றாக ஓடினாலும், மூட்டை முடிச்சைப் பிரித்துக் காட்டியே தீர வேண்டும். 1915-ல் காந்தி மூன்றாம் வகுப்பில் அந்த வழியாகப் போனபோது, காய்ச்சலாக இருந்த அவரை வத்வான் ஸ்டேஷனில் சந்தித்து இதைச் சொன்னவர் ஒரு தையல்காரர். பெயர் மோதிலால். சிறைக்குப் போகத் தயாரா என்று காந்தி கேட்க, நீங்கள் முன்னால் நின்றால் தயார் என்றார் அவர். காந்தி விடாமல் கடிதம் எழுதி, கடைசியில் வைஸ்ராயிடம் நேரில் பேசினார். 1917-ல் அந்தச் சாவடி எடுக்கப்பட்டது.

கடைசிக் கையெழுத்து

1947-ல் கூட்டாளிகளில் ஒருவர் வேறு திசையில் போனார். ஜூனாகத் நவாப், பாகிஸ்தானோடு சேர்வதாக அறிவித்தார். அவர் நிலத்தைச் சுற்றி இருந்ததோ இந்தியாவோடு சேர்ந்துவிட்ட சமஸ்தானங்கள். எதிர்ப்பு வலுத்ததும் நவாப் விமானத்தில் கராச்சிக்குப் போய்விட்டார். 1948 பிப்ரவரி 20-ல் நடந்த வாக்கெடுப்பில் பாகிஸ்தானுக்குக் கிடைத்த வாக்குகள் 91. இந்தியாவுக்கு 1,90,000-க்கும் மேல்.

அதே ஆண்டு சமஸ்தானங்கள் ஒன்றாகி சௌராஷ்டிரா உருவானது. பிரிந்து கிடந்த ரயில்வேக்களும் சேர்ந்து 'சௌராஷ்டிரா ரயில்வே' ஆயின. 1951 நவம்பர் 5-ல் அது மேற்கு ரயில்வேயில் இணைந்தது. ரயிலைத் தொடங்கிய பாவ்நகர் அரச குடும்பத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. தன் சமஸ்தானத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி, அதே 1948-ல் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்தார்.

இன்று அந்த முக்கியப் பாதைகளில் ஓடுவது பிராட் கேஜ் ரயில்கள். ராஜ்கோட்டில் ஏறினால் சில மணி நேரத்தில் போர்பந்தர். வழியில் ஜேத்தல்சர் வரும், தோராஜி வரும். எந்த ராஜாவின் எல்லை எங்கே முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்குப் போகிறவர்களும் கட்டுப் போடாமல் போய்ச் சேர்கிறார்கள்.