ஈப்போவைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அதில் நாம் எங்கே?



ஈப்போ பழைய நகரை நடந்தே சுற்றிக் காட்டும் தனியார் வழிகாட்டிகள் இப்போது பெருகிவிட்டனர். நான்கைந்து பேர் சேர்ந்து முன்பதிவு செய்து, கட்டணத்தைச் செலுத்திவிட்டு, காலையில் இரயில் நிலையத்தின் முன் போய் நின்றால் போதும். நண்பகலுக்குள் நூறாண்டுக் கதையைச் சொல்லி முடித்துவிடுகின்றனர். கடந்த பள்ளி விடுமுறையில் ஆசிரியர்கள் அறுவர் அப்படியொரு சுற்றில் கலந்துகொண்டோம். அதைப் பற்றிப் பாராட்டும் உண்டு, ஒரு மனக்குறையும் உண்டு. இரண்டையும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

முதலில் பாராட்டு. எங்கள் வழிகாட்டி நடுத்தர வயதுச் சீனர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். எங்களை 'சிக்கு' என்றே அழைத்தார். ஒரு கட்டடத்தின் முன் நின்று அதன் கதையைச் சொல்லும் கலையை அவரிடம் நாம் கற்க வேண்டும். பர்ச் நினைவு மணிக்கூண்டின் அடியில் அவர் செய்ததைச் சொல்கிறேன். 1909ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட கோபுரம் அது. 1875இல் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்ட ஆங்கிலேய ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச்சின் நினைவாகக் கட்டப்பட்டது. எங்களைக் கோபுரத்தை நன்றாகப் பார்க்கச் சொன்னார். பிறகு, "இப்போது திரும்பிச் சாலையின் பெயர்ப் பலகையைப் படியுங்கள்" என்றார். ஜாலான் டத்தோ சாகோர்! பர்ச்சின் கொலைக்காக 1877இல் தூக்கிலிடப்பட்டவர்களுள் ஒருவரின் பெயர் அது. கொல்லப்பட்டவருக்குக் கோபுரம், தூக்கிலிடப்பட்டவருக்குச் சாலை. வகுப்பறையில் ஒரு மணி நேரம் விளக்க வேண்டிய செய்தியை நடைபாதையில் ஒரு நிமிடத்தில் புரிய வைத்துவிட்டார்.

அதன்பின், 1893இல் லியோங் பீ தொடங்கிய ஹக்கா சுரங்க முதலாளிகளின் மன்றமான ஹான் சின் பெட் சூ, பங்லிமா சந்து, 2014இல் எர்னெஸ்ட் சக்காரெவிக் தீட்டிய சுவரோவியங்கள், வெள்ளைக் காப்பி. இவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லை, ஆகவே விட்டுவிடுகிறேன்.

இனி மனக்குறை. மூன்றரை மணி நேரச் சுற்றில் தமிழர் என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வந்தது. "பசித்தால் லிட்டில் இந்தியாவில் நல்ல வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும்" என்றார். அவ்வளவுதான். நூறாண்டுகளுக்கும் மேலாக இம்மண்ணில் வாழும் ஓர் இனத்தின் வரலாறு ஒரு வாழையிலைக்குள் அடங்கிவிட்டது!

அவர்மீது எனக்குச் சினமில்லை. சுற்று முடிந்ததும் இதனை நயமாகவே கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார்: "சிக்கு, வருகிறவர்கள் ஈயத்தையும் காப்பியையும்தான் கேட்கிறார்கள். உங்கள் மக்களின் கதையை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொல்லித் தந்ததும் இல்லை." இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது.

இத்தனைக்கும் நமக்குரிய இடங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சுற்று தொடங்கிய இடத்திலேயே ஒன்று இருக்கிறது. 1917ஆம் ஆண்டுக் கட்டடமான ஈப்போ இரயில் நிலையத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். அதன் எதிரே உள்ள திடலில், ஊருக்குப் பெயர் தந்த ஈப்போ மரம் நிற்கிறது. வழிகாட்டிகள் அனைவரும் அந்த மரத்தடியில்தான் தொடங்குகின்றனர். சில அடிகள் தள்ளி ஒரு போர் நினைவுத் தூண் நிற்கிறது. முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக எழுப்பப்பட்டது. பின்னாளில் அதில் மற்றொரு கல்வெட்டையும் சேர்த்தார்கள். பர்மா இரயில் பாதை அமைப்பில் 1942 முதல் 1945 வரை உயிர்நீத்த போர்க் கைதிகளையும் மலாயா மக்களையும் நினைவுகூரும் கல்வெட்டு அது.

அந்த 'மலாயா மக்கள்' யார்? பெரும்பாலும் தோட்டத் தமிழர்கள். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சப்பானியர் கொண்டு சென்றனர். வேலை என்று சொல்லி ஏற்றியவர்களும் உண்டு. வளைத்துப் பிடித்து ஏற்றியவர்களும் உண்டு. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் கொத்துக் கொத்தாக மாண்டனர். வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. நம்மவர்க்கு அப்படி இல்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண இரயில்' என்ற நாவலில் அந்தத் துயரத்தை எழுதி வைத்தார். நம் பேராக் மாநிலத்தில் அதற்கெனக் கல்லில் உள்ள ஒரு வரி இந்த இரயில் நிலையத் திடலில் இருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டுதான் மரத்தின் கதையைக் கேட்கிறோம்.

அடுத்தது குனோங் சீரோ. தைப்பூசத்திற்குக் கல்லுமலைக் கோவிலுக்குச் செல்லாத ஈப்போத் தமிழ்க் குடும்பம் அரிது. அந்த மலையடிவாரத்தில்தான் ஒரு காலத்தில் கச்சாங் பூத்தே செய்து விற்ற நம் மக்கள் குடியிருந்தனர். எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். (ஆம், பாரதி பிறந்த அதே எட்டயபுரம். இதைச் சொன்னதும் என் மாணவர்களின் விழிகள் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே!) 1973 அக்டோபர் 18ஆம் நாள் சுண்ணாம்புப் பாறை சரிந்து குடியிருப்பின் மேல் விழுந்தது. நாற்பது பேர் அளவில் மாண்டனர். அதன் பின்னரே அம்மக்கள் புந்தோங்கிற்குப் பெயர்ந்தனர். இன்று புந்தோங் கச்சாங் பூத்தே என்றால் நாடறியும். வெளியூர் உறவினர் வந்தால் பை நிறைய வாங்கிக் கொடுக்கிறோம். முறுக்கின் கதை தெரிகிறது. பாறையின் கதை பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. கோவிலுக்குப் போகும் வழியில் மகிழுந்தை நிறுத்தி, "இங்கேதான்" என்று சொல்லப் பெற்றோருக்கு இரண்டு நிமிடம் போதும்.

பத்து காஜா அருகிலுள்ள கெல்லி மாளிகைக்கு வருவோம். தமிழ்ப்பள்ளிகள் ஆண்டுதோறும் பேருந்து பிடித்துச் செல்லும் இடம் இது. பிள்ளைகளைக் கேட்டால் பேய்க்கதை சொல்வார்கள். சுரங்கப் பாதை என்பார்கள். மின்தூக்கி வைக்கத் திட்டமிட்ட கோபுரம் என்பார்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி சுமித், இரப்பர் தோட்டத்தில் பொருளீட்டி 1915இல் இந்தப் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1926இல் லிஸ்பனில் இறந்தார்; மாளிகை முற்றுப்பெறவில்லை. இவை அனைத்தும் சுற்றுலா ஏட்டில் உள்ளவை.

ஏட்டில் ஓரமாக உள்ளதும், நம் பேருந்துகள் நிற்காததும் அருகிலுள்ள மாரியம்மன் கோவில். மாளிகையைக் கட்டியவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோது ஸ்பானியக் காய்ச்சல் பரவி அவர்களில் பலர் மாண்டனர். கோவில் எழுப்ப வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்க, சுமித் கட்டித் தந்தார் என்று சொல்லப்படுகிறது. அதற்கு நன்றியாக அவர்கள் செய்த காரியம்தான் வியப்பு. கோவிலின் மேற்புறத்தில் தெய்வ உருவங்களுக்கு நடுவே, அந்தத் துரையையும் சட்டை காற்சட்டையோடு சுதை உருவமாக நிறுத்திவிட்டனர்!

அந்த உருவத்தை எப்படிப் பொருள்கொள்வது? நன்றியா, பணிவா, அல்லது 'துரையே, நீயும் எங்கள் அம்மனின் காவலுக்கு உட்பட்டவன்தான்' என்னும் மெல்லிய குறும்பா? ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் விவாதம் நடக்கும். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். பேய்க்கதைக்கு இந்த ஆற்றல் இல்லை. மாளிகை கெல்லியுடையது, கோவில் அதைக் கட்டியவர்களுடையது. கோவிலில் இறங்காமல் திரும்பும் தமிழ்ப்பள்ளிப் பேருந்தைக் கல்விச் சுற்றுலா என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பாப்பான் என்ற சிற்றூரில் 74ஆம் எண் கடைவீடு மற்றொன்று. சிபில் கார்த்திகேசு வாழ்ந்த வீடு. தைப்பிங்கைச் சேர்ந்த தமிழ் மருத்துவரை மணந்த செவிலியர். கணவருடன் ஈப்போவின் புருஸ்டர் சாலையில் மருத்துவமனை நடத்தியவர். சப்பானியர் காலத்தில் பாப்பானிலிருந்தபடி காட்டுப் போராளிகளுக்கு மறைவாக மருத்துவம் செய்தார். வானொலியில் செய்தி கேட்டுப் பரப்பினார். 1943இல் கைதாகிக் கொடிய வதைக்கு ஆளானார், வாய் திறக்கவில்லை. பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் அளித்தது. 1948இல் அங்கேயே இறந்தார்; ஆயினும் அவருடைய உடல் ஈப்போ மண்ணுக்குத் திரும்பியது. நம் பெண் பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர் இதுவல்லவா?

தோட்டங்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. நகரத்துக் கட்டடங்களுக்கு மரபுரிமை என்ற பெயரிலாவது பாதுகாப்பு உண்டு. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. லயங்கள் தரைமட்டமாயின. பல இடங்களில் மிஞ்சியிருப்பவை ஒரு கோவில், ஓர் அரசமரம், ஒரு தமிழ்ப்பள்ளி. பள்ளியும் வேறிடத்துக்குப் பெயர்ந்திருந்தால், பெயரில் மட்டும் 'தோட்டம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொள்வோம். 1948 சூன் 16ஆம் நாள் எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர்; இரண்டு நாளில் நாடு முழுவதற்கும் அவசரகாலம் நீண்டது. உலக வரலாற்று நூல்களில் இடம்பெறும் நிகழ்ச்சி இது. அன்று அத்தோட்டங்களில் வாழ்ந்த பாட்டாளிகளில் நம்மவர் எத்தனை பேர்? அவசரகாலம் அவர்களின் தொழிற்சங்கங்களுக்கும் ஊதியப் போராட்டத்துக்கும் என்ன செய்தது? பாடநூலில் கொல்லப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் காலையில் மரம் வெட்டப் போனவர்கள் இல்லை. எல்பில் தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்றும் இயங்குகிறது. அதே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன்தான், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒரே ஊரில் இத்தனை இருந்தும், அதனைச் சுற்றிக் காட்ட ஒருவரும் இல்லை.

சில பெற்றோர் கேட்கின்றனர்: "கூலி வேலை செய்த கதையைப் பிள்ளைகளிடம் ஏன் சொல்ல வேண்டும்? தாழ்வு மனப்பான்மை வராதா?" சீனர்கள் தம் முன்னோர் டூலாங் தட்டோடு இடுப்பளவு நீரில் நின்று ஈயம் அரித்ததை அருங்காட்சியகத்தில் வைத்துக் கட்டணம் வாங்கிக் காட்டுகின்றனர். அவர்கள் பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை வந்ததாகத் தெரியவில்லை. நமக்கு மட்டும் பால்வாளி ஏன் வெட்கமாக இருக்க வேண்டும்?

சில ஆசிரியர்கள் நேரமில்லை என்கின்றனர். நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன்; பாரம் தெரியும். ஆயினும் 2014 முதல் நான்காம் ஆண்டிலேயே வரலாற்றுப் பாடம் இருக்கிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. தேர்வைக் காரணம் காட்ட இனி வழியில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர், உள்ளூரிலிருந்து தொடங்காத வரலாறு மாணவனின் வாயோடு நின்றுவிடும் என்பார். ஆகவே என் யோசனை எளிது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கட்டும். வழிகாட்டியாக ஒரு பாட்டியையோ தாத்தாவையோ அழைத்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டிய தலைமுறை எழுபதையும் எண்பதையும் தொட்டுவிட்டது. அவர்களைப் பழைய தோட்டத்துக்கே கூட்டிச் சென்று நிறுத்துங்கள். லயம் எங்கிருந்தது, பிரட்டுக்களம் எங்கிருந்தது, ஆலயமணி எத்தனை மணிக்கு ஒலித்தது, பால் நிறுத்த இடம் எது என்று பிள்ளைகள் கேட்டுக் குறிக்கட்டும். கைப்பேசியில் பதிவும் செய்யட்டும். வீட்டில் உட்கார வைத்துக் கேட்டால் ஒன்றும் நினைவில்லை என்பவர்கள், அந்த மண்ணில் நின்றால் பேசத் தொடங்கிவிடுகின்றனர்.

பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணும் பெற்றோருக்கு இன்னொரு செய்தி. நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டத்தின்படி உரிமம் பெற்றவரே சுற்றுலா வழிகாட்டியாகத் தொழில் செய்யலாம். பயிற்சி பெற்று உரிமம் எடுக்கலாம். தமிழும் மலாயும் ஆங்கிலமும் பேசும் நம் இளையோருக்கு இத்தொழில் பொருந்தாதா? தமிழ்நாட்டிலிருந்து வரும் பயணிகளுக்கு ஈப்போவைத் தமிழில் சுற்றிக் காட்ட எத்தனை பேர் இருக்கிறோம்?

எங்கள் பள்ளியின் சுற்றுக்கு வழித்தடம் வரைந்துவிட்டோம். காலை எட்டு மணிக்கு இரயில் நிலைய நினைவுத் தூண், அடுத்து மணிக்கூண்டு, பேருந்தில் குனோங் சீரோ, புந்தோங்கில் பசியாறல், பாப்பான், கடைசியாகக் கெல்லி மாளிகையும் அதன் கோவிலும். பாப்பான் வீடு தனியார் பொறுப்பில் இருப்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு செல்ல வேண்டும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். எங்களைச் சுற்றிக் காட்டிய அந்த வழிகாட்டியையும் அழைத்திருக்கிறோம். இந்த முறை அவர் கட்டணம் இல்லாமல் உடன் வந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.