கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வதா?

ஈழத் தமிழர்க்கு ஆளுந்திறன் போதாது. முதலில் பயிற்சி பெறட்டும் என்பார் உளர். பயிலக் களம் எங்கே?

1987-இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. வடமாகாண அவைக்கு முதல் தேர்தலோ 2013-இல்தான் நடந்தது. 2018-இல் அதன் காலம் முடிந்தது. ஏழாண்டு கடந்தும் அடுத்த தேர்தல் இல்லை. அவை இருந்த ஐந்தாண்டிலேனும் அலுவலரை அமர்த்தவும் மாற்றவும் நீக்கவும் உரிமை பெற்றிருந்தவர் யார்? மக்கள் தேர்ந்த முதலமைச்சரா? அல்லர், கொழும்பு அமர்த்திய ஆளுநரே! நிலமும் காவலும் ஏட்டளவில் நின்றன.

ஆளுந்திறன் ஆண்டு பழகியே வரும். எனவே முதலில் தேர்தல். அடுத்து, அலுவலர்மீது அவைக்கே உரிமை! அதுவரை, 2025-இல் தேர்ந்த ஊராட்சி அவைகளையேனும் தமிழர் செம்மையாய் நடத்துக! வரவு செலவைத் தமிழில் எழுதி ஊரறிய வைக்கும் ஒவ்வோர் அவையும் நாளைய தன்னாட்சிக்குப் பள்ளியாகும்.