கிராமஃபோன் பெட்டிக்கு மொட்டை அடிக்காதீங்க

"மொத்தமா தேச்சு எடுத்துட்டு பி.யூ. அடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும் சார்." பழைய மரச்சாமான் வைத்திருக்கிற எல்லோரும் ஒருநாள் இந்த வசனத்தைக் கேட்டே ஆகணும் போல. போன மாசம் எங்கள் முறை. மைசூர் லக்ஷ்மிபுரத்தில் பெரியப்பா வீட்டு கிராமஃபோன் பெட்டி. (அமெரிக்காவில் இதையும் போனோகிராஃப் என்றுதான் சொல்கிறார்கள். எடிசனின் உருளையும் பெர்லினரின் தட்டும் இவர்களுக்கு ஒன்றுதான். போகட்டும்.)

"மூடியெல்லாம் கறுத்துப் போச்சுடா. நீ பணம் அனுப்பினா புதுசாட்டம் பண்ணித் தரேங்கறான்" என்றார் பெரியப்பா. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குடும்ப வாட்ஸப்பில் கஞ்சன் பட்டம் கிடைத்தாச்சு :-) ஆனால் இது எங்கள் வீட்டு விவகாரம் மட்டும் இல்லை. நான் பார்த்தவரை, ஊரில் இந்த மொட்டையடிப்பு நடப்பதே நாம் அனுப்பும் டாலரில்தான். நமக்கு லீவுக்குப் போனால் ஹாலில் பளபளவென்று ஒன்று நிற்கணும், பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கணும்.

அந்தக் கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது? பெரும்பாலான பழைய பெட்டிகளில் இருப்பது அரக்கு. மரக்கிளையில் பூச்சி விட்டுப்போகும் பிசினை உருக்கி, தகடாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் பூச்சு மேல் பூச்சாகத் தேய்த்து ஏற்றியது. உள்ளே சுற்றும் 78 இசைத்தட்டும் அதே அரக்கில் கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்தியதுதான். பெட்டியும் பாட்டும் ஒரே பூச்சியின் புண்ணியம். இந்த அரக்கின் பெரிய குணம், எத்தனை வருஷம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் இளகும். பழைய பூச்சோடு புதுப் பூச்சு ஒட்டிக் கலந்துவிடும். கீறலை அந்த இடத்தில் மட்டும் சரிபண்ணலாம். பி.யூ.வும் மெலமைனும் அப்படி இல்லை. இறுகிவிட்டால் இறுகியதுதான். அடுத்த கீறலுக்கு மறுபடி முழுசாகச் சுரண்டணும்.

சுரண்ட என்ன மிச்சம் இருக்கும் என்கிறீர்கள்? பல பெட்டிகளில் மேலே தெரியும் அழகான மரம் ஒரு மில்லிமீட்டர்கூட வராத வெனீர். மெஷின் வைத்துத் தேய்த்தால் ஓரங்களில் அடிமரம் பல்லைக் காட்டும். மூடிக்குள் நாய் படத்தோடு இருக்கும் எச்.எம்.வி. முத்திரை, விற்ற கடையின் சீட்டு, எல்லாம் தூசியோடு தூசி. அப்புறம் உங்கள் தாத்தாவின் அசல் பெட்டியும், டூரிஸ்ட் தலையில் கட்டுகிற பித்தளைக் குழாய் வைத்த டூப்ளிகேட்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். காசு கொடுத்து அசலைப் போலி ஆக்குகிற வித்தை இது.

இதெல்லாம் வேறு எந்த ஊரில் நடந்தாலும் தலையெழுத்து என்று விட்டுவிடலாம். மைசூரிலா? நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1937ல் மைசூர் லாக் அண்ட் பெயிண்ட் ஒர்க்ஸ் என்று அரக்குக்கே ஒரு கம்பெனி தொடங்கிய ஊர். 1962லிருந்து தேர்தலில் நம் விரலில் வைக்கும் மை அங்கேதான் தயாராகிறது. பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில் சன்னபட்டணாவில், சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே உருக்கி பொம்மைக்குக் கலர் ஏற்றுகிறார்கள். மைசூருக்குள்ளேயே ஈட்டி மரத்தில் வேறு மரத்துண்டுகளைப் பதித்து யானையும் மயிலும் செய்கிற கைகள் இருக்கின்றன. நகக்கண் அளவு வெனீர் பெயர்ந்தால் நிறம் பார்த்து, ரேகை பார்த்து ஒட்டுப் போடுவது அவர்களுக்குப் பெரிய காரியமா?

இசைத்தட்டுக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவோ இன்னும் நெருக்கம். 1902 நவம்பரில் கல்கத்தாவில் நடந்த முதல் வணிகரீதியான ஒலிப்பதிவுகளில் பாடிய கௌஹர் ஜான், 1928ல் மைசூர் அரண்மனைப் பாடகியாக வந்து, 1930 ஜனவரி 17ல் இங்கேதான் இறந்துபோனார். ஜெயசாமராஜேந்திர உடையார், லண்டனில் நொடித்துப்போயிருந்த ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் இசையை எச்.எம்.வி. தட்டுகளாகக் கொண்டுவரப் பணம் கொடுத்தார். மெட்னர் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே சமர்ப்பித்தார். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு "தேச்சு எடுத்துடலாம் சார்"!

"அப்போ கரையான் அரித்தாலும் தொடக்கூடாதா?" என்று அத்தை பையன் கேட்டான். தாராளமாகத் தொடணும். புழு இருந்தால் கொல்லணும். மூட்டு விட்டிருந்தால் கட்டாயம் ஒட்டணும். குழாய் உள்ளேயே இருக்கும் மாடலில் பலகை தளர்ந்தால் பாட்டோடு சேர்ந்து அதுவும் கடகடவென்று தாளம் போடும். ஆனால் ஒட்டுவது வஜ்ஜிரமாக இருக்கட்டும். சூடும் ஈரமும் காட்டினால் நாளைக்கு இன்னொருவர் சேதமில்லாமல் பிரிக்கலாம். வெள்ளைப் பசை அதற்கு லேசில் விடாது.

"அரக்கு பூசினால் டம்ளர் வைத்த வட்டம் விழுமே?" விழும். கிராமஃபோன் மேல் யார் காப்பி டம்ளர் வைக்கச் சொன்னது?

தச்சரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ரெண்டு நாளில் முடிக்கச் சொல்லி, பளபளப்புக்குக் காசு கொடுத்தால் அவர் பளபளப்பைத்தான் கொடுப்பார். அரக்குப் பூச்சு காய்ந்து காய்ந்து ஏறணும், நாள்கணக்கு வேலை. நாள்கூலி பேசுங்கள். முத்திரையை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முதலில் உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைக்கட்டும், அதிலேயே பாதிக் கறுப்பு போனாலும் போகும். அப்புறம் பெட்டியின் பின்பக்கம், கண்ணில் படாத ஒரு மூலையில், பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். பிசுபிசுத்தால் அரக்குதான். அந்த மூலையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன் பெரியப்பாவிடம். பார்த்த பிறகுதான் பணம்.